பட்டியலின் அடியிலிருந்து

புதிய பருவத்துக்கான குழாம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நான் கடைசிப் பெயரிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். உச்சியில் இருப்பவர்களை ஊருக்கே தெரியும். அவர்களைப் பற்றி நான் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பருவம் முடிந்த பிறகு அணியைத் தூக்கி நிறுத்தியவர் யார், கவிழ்த்தவர் யார் என்று பார்த்தால் அநேகமாக அடிவரிசையில் உள்ள ஒரு பெயர்தான் வரும். தொழில் தந்த பழக்கம் இது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, வருடா வருடம் ஹொக்கிக் குழாத்தின் பதினாறு பெயர்களை எழுதி அதிபரின் கையொப்பத்துக்கு வைத்தவன் நான். முதல் பத்துப் பெயரை எழுத ஐந்து நிமிடம் போதும். மிச்சம் ஆறுக்கும் ஒரு கிழமை தூக்கம் கெடும்.

இந்த 2024 டிசெம்பரில் என் முன்னால் கிடப்பது தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் பட்டியல். 2013இல் தொடங்கி 2017உடன் நின்றுபோன ஹொக்கி இந்தியா லீக் ஏழு வருடம் கழித்து மறுபடி வருகிறது. இம்மாதம் 28ஆம் திகதி ரூர்கேலாவில் ஆரம்பம். பெப்ரவரி முதலாம் திகதி இறுதிப் போட்டி. ஆண்களுக்கு எட்டு அணிகள், பெரும்பாலான ஆட்டங்கள் அங்குள்ள பிர்சா முண்டா அரங்கில். ஒக்டோபர் நடுப்பகுதியில் புதுடில்லியில் ஏலம் நடந்தது. ஓர் அணி நாலு கோடி இந்திய ரூபாய்க்குள் 24 பேரை எடுக்க வேண்டும்; அதில் இந்தியர் குறைந்தது 16, அந்தப் பதினாறில் கனிஷ்டர் நால்வர் கட்டாயம்; மற்ற எட்டும் வெளிநாட்டவர்.

வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் ஊரில் ஹொக்கிக்காரனுக்கு வேறு வேலை கிடையாது. மைதானம் குளமாகிக் கிடக்கும். மற்ற மாதங்களில் புல்லுக்கு உரிமை கொண்டாடும் மான்கள்கூடத் திண்ணைகளில் ஒதுங்கி நிற்கும். அப்போதுதான் வருகிற தைக்கு யார் யார் என்று கொப்பியில் எழுதிக் கொண்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளின் பட்டியல் போய்ப் பெரியவர்களின் பட்டியல் வந்திருக்கிறது.

ஏலம் முடிந்த இரவே சென்னையில் வேலை செய்யும் என் பழைய மாணவன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். 

"சேர், ஜான்சனை எடுத்திட்டாங்க! கப் நமக்குத்தான்."

"சரி தம்பி. அவனுக்குப் பந்து தள்ளிக் குடுக்கிறது யாரு?"

"அது யாராவது தள்ளுவாங்க சேர்."

அந்த "யாராவது" எனக்குப் பிடிக்கவில்லை.

யிப் யான்சன் (மாணவன் வாயில் ஜான்சன்) நெதர்லாந்துப் பின்கள வீரர். கடந்த ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். ஷோர்ட் கோர்னரில் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டுவதில், அதாவது ட்ராக் ஃப்ளிக்கில், உலகில் முதல் வரிசை. அவருக்கு டிராகன்ஸ் கொடுத்த விலை 54 இலட்சம். நல்ல விலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஷோர்ட் கோர்னர் ஒருவருடைய வேலை என்று நினைக்கிறவன் அதை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவன். கோல் பக்கத்துப் பின்கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ள வேண்டும். வட்டத்துக்கு வெளியே இன்னொருவன் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் சுண்டுகிறவன் வருகிறான். தள்ளியது ஒரு சாண் விலகினாலும் நிறுத்துகிறவன் எட்டிப் பிடிப்பான். சுண்டுகிறவனின் கால் அளவு தப்பும். அதற்குள் எதிரணியின் முதல் ஓட்டக்காரன் முகத்துக்கு நேரே வந்து நிற்பான். நேரடியாக அடிக்கும் முதல் அடி கோல் கோட்டைக் கடக்கையில் பின்பலகையின் உயரமான 460 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சுண்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ட்ராக் ஃப்ளிக்கருக்கு இவ்வளவு விலை வந்ததன் மூலம் அந்த ஒரு விதிதான். தள்ளுகிறவனுக்கு எந்த விதியும் விலை வைக்கவில்லை.

என் பட்டியலில் ஒரு வருடம் பதினாறாவதாக ஒரு பையனை எழுதினேன். குள்ளம், ஓட்டமும் இல்லை. அதிபர் பேனையை எடுத்துக்கொண்டு, "இவன் எதுக்கு சேர்?" என்றார். கோட்டிலிருந்து தள்ளுவதற்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். பையனின் வீட்டு முற்றம் சீமெந்து போட்டது. மாலையில் அங்கே சுவரில் கரியால் ஒரு கோடு கீறி, அதே கோட்டில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பான். தாய் வந்து என்னிடம் முறைப்பாடு சொன்னார், சத்தம் தாங்க முடியவில்லை என்று. எங்கள் கரடு தட்டிய கிறவல் மைதானத்திலும் அவன் தள்ளிய பந்து துள்ளாது. அந்த வருடம் ஷோர்ட் கோர்னர் கிடைத்தால் கோல் என்றே எதிரணிகள் பயந்தன. மாகாணப் போட்டிக்கு முதல் நாள் அவனுக்கு அம்மாள் போட்டுவிட்டது. எங்கள் நட்சத்திரம் நன்றாகத்தான் இருந்தான். மட்டையும் கையும் காலும் எல்லாம் சரி. கிடைத்த ஷோர்ட் கோர்னர் அத்தனையும் வீண். பந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்துக்கு வந்தது. அதிபர் அதன் பிறகு பதினாறாவது பெயரைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

ஆகவே டிராகன்ஸ் பட்டியலில் நான் முதலில் தேடுவது தள்ளுகிறவரையும் நிறுத்துகிறவரையும்தான். பட்டியல் அதைச் சொல்லாது. பின்களம், நடுக்களம், முன்களம் என்று மட்டும் போட்டிருக்கும். சுண்டுகிறவர்களோ தேவைக்கு மேல் இருக்கிறார்கள். யான்சன் ஒருவர். அவுஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸ் இன்னொருவர். இந்தியப் பின்கள வீரர் அமித் ரோகிதாஸும் சுண்டுவார். மூன்று மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டுத் தாலிக்குத் தட்டான் யாரென்று விசாரிக்காத வீடு மாதிரி இருக்கிறது எனக்கு.

ஆனாலும் இந்தப் பட்டியலைப் போட்டவர்கள் விளையாட்டுத் தெரிந்தவர்கள் என்று நம்ப ஒரு காரணம் இருக்கிறது. யான்சனுக்கு 54 இலட்சம், ரோகிதாஸுக்கு 48, கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32. கூட்டினால் ஒரு கோடியே 34 இலட்சம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் மூவருமே பின்னால் நிற்பவர்கள். இதே ஏலத்தில் வங்காள அணி முன்கள வீரர் அபிஷேக்குக்கு 72 இலட்சத்தைக் கொட்டியது. முன்னால் காசைக் கொட்டினால் சனம் கைதட்டும், அனுசரணையாளருக்கும் சந்தோஷம். முதுகைப் பார்த்துச் செலவழிக்கிறவனுக்குக் கைதட்டல் குறைவு. நானும் என் பட்டியலைப் பின்னாலிருந்துதான் கட்டுவேன்: முதலில் கோல்காப்பாளர், பிறகு இரண்டு ஃபுல் பேக், பிறகு சென்டர் ஹாஃப். முன்னால் ஆட எங்கள் ஊரில் எவனுக்குத்தான் ஆசையில்லை?

ரோகிதாஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எதிரணிக்கு ஷோர்ட் கோர்னர் கிடைத்தால் அந்தப் பின்கோட்டின் பின்னால் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் நிற்கலாம். பந்து தள்ளப்பட்ட கணத்தில் அவர்களில் ஒருவன் சுண்டுகிறவனை நோக்கி நேராக ஓடுவான். மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டி வரும் பந்தின் பாதையில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது அவனுடைய வேலை. இந்திய அணியில் அந்த முதல் ஓட்டம் ரோகிதாஸுடையது. இன்றைக்கு முகமூடியும் முழங்கால் கவசமும் உண்டு. என் பையன்களுக்கு அது ஒன்றும் இருக்கவில்லை. துறைமுகத்தில் வேலை செய்த ஒரு தகப்பன் கழித்துவிட்ட லைஃப் ஜாக்கெட்டுகளின் நுரையை வெட்டித் துணியில் தைத்துக் கொண்டுவந்தார். முதல் ஓட்டக்காரனும் கோல்காப்பாளனும் அதைத்தான் கட்டினார்கள். பந்து பட்டால் வலிக்கும், எலும்பு முறியாது. அந்த வேலைக்கு நான் ஒருநாளும் ஆளைத் தெரிந்தெடுத்ததில்லை. கேட்பேன், யார் ஓடுவது என்று. கை தூக்குகிறவன்தான் ஓடுவான். கட்டாயப்படுத்தி அனுப்பினால் பந்து வரும்போது கண்ணை மூடிவிடுவான்.

ரோகிதாஸ் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பாரிஸில் பார்த்தோம். பிரித்தானியாவுக்கு எதிரான காலிறுதியில் அவருக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டத்தைப் பத்துப் பேராய் ஆடி, பெனல்டி ஷூட் அவுட்டில் இந்தியா வென்றது. அந்த ஆட்டத்தைக் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷ் காப்பாற்றினார் என்று எல்லோரும் எழுதினார்கள், சரிதான். தடையால் ரோகிதாஸ் அரையிறுதிக்கு வெளியே இருந்தார். ஜேர்மனியிடம் 2-3 என்று தோல்வி. அவர் இருந்திருந்தால் வென்றிருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு குழாத்தை வாசிக்கும்போது கோல் போடுகிறவன் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பதோடு நிற்காமல், கோலுக்கு முன் ஓடுகிறவன் இல்லாவிட்டால் என்ன என்றும் கேட்க வேண்டும். ரோகிதாஸ் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். ரூர்கேலா அதே மாவட்டம்தான். தமிழ்நாட்டின் சட்டையோடு சொந்த ஊர்ச் சனத்தின் முன்னால் ஆடப் போகிறார்.

ஹார்ட்டை எடுத்ததில் எனக்கு அரை மனது. 2015, 2016 இரண்டு வருடமும் உலகின் சிறந்த கோல்காப்பாளர் விருது பெற்றவர். 1908க்குப் பிறகு அயர்லாந்து ஆண்கள் அணி முதன்முறையாக ஒலிம்பிக்குக்குப் போனது அவர் காலத்தில்தான். ஆனால் இப்போது வயது 36. கோல்காப்பாளருக்கு வயது பரவாயில்லை என்பார்கள். ஓடி முடிக்கும் விளையாட்டு அவருக்கு இல்லையே. நாலைந்து கிழமைக்குள் அடுத்தடுத்து ஆட்டம், பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், கிழக்கிந்தியாவின் மார்கழிக் குளிர். இடுப்பு பேசத் தொடங்கினால் இரண்டாவது கோல்காப்பாளர் யார் என்பது பெரிய கேள்வியாகிவிடும். அந்தப் பெயரும் அடிவரிசையில்தான் கிடக்கிறது.

முன்களத்தில் ஒரு வேடிக்கை. பாரிஸில் இந்தியா அவுஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. ஒலிம்பிக்கில் 1972க்குப் பிறகு அப்படியொரு வெற்றி. அன்று அவுஸ்திரேலியாவின் இரு கோல்களையும் போட்டவர்கள் டொம் கிரெய்க்கும் பிளேக் கோவர்ஸும். இருவரும் இப்போது டிராகன்ஸில்! இவர்களோடு இன்னோர் அவுஸ்திரேலியர் நேதன் எஃப்ரம்ஸ், கர்நாடகத்து ஆபரண் சுதேவ். கோல் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளிநாட்டவர் வந்து இறங்கி ஒருவரையொருவர் பழகுவதற்குள் முதல் இரண்டு ஆட்டம் போய்விடுமோ என்பதுதான் கவலை.

எங்கள் வீட்டில் எல்லோரும் தேடுகிற பெயர் கார்த்தி செல்வம். அரியலூர்ப் பையன், கோவில்பட்டி அரச விளையாட்டு விடுதியில் வளர்ந்தவன். கோவில்பட்டி தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன ஊர் என்று நினைப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். லட்சுமி அம்மாள் நினைவுக் கிண்ணத்துக்கு இந்தியா முழுக்க உள்ள அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன. 2022 மே மாதம் யக்கார்த்தாவில் ஆசியக் கிண்ணம். முதல் சர்வதேச ஆட்டம், எதிரே பாகிஸ்தான். கார்த்தி கோல் போட்டான். அதே குழாத்தில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தான். ஒரே விடுதியில் பழகிய இரு தமிழ்ப் பிள்ளைகள் இந்தியச் சட்டையில். எனக்கு அன்று கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

இலங்கைக்காரன் நீ ஏன் தமிழ்நாட்டுக்கு ஆதரவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018 ஓகஸ்ட் 28, அதுவும் யக்கார்த்தா, ஆசிய விளையாட்டு. இந்தியா 20, இலங்கை 0. ஆகாஷ்தீப் சிங் ஒருவரே ஆறு கோல். முழு ஆட்டத்தையும் இருந்து பார்த்தேன். எங்கள் பையன்கள் சோம்பேறிகள் என்று அன்று யாரும் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். 1976 மொன்ட்ரியலில் ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைப் புற்றரைக்கு மாறியபோது இந்தியாவே ஏழாம் இடத்துக்கு விழுந்தது. எங்கள் பிள்ளைகள் கிறவலில் பழகி, போட்டிக்கு மட்டும் கொழும்பில் அந்தத் தரையை மிதிக்கிறார்கள். பந்து வருகிற வேகத்தைக் கண் நம்புவதற்குள் முதல் கால்பகுதி முடிந்துவிடும். இலங்கை ஆடும்போது இலங்கைக்குத்தான் கத்துவேன். மற்ற நாட்களில் காது பழகிய மொழிக்கு.

அந்தக் காதுப் பழக்கம் பழையது. இரவுகளில் திருச்சி வானொலி இந்தக் கரையில் தெளிவாகக் கேட்கும். 1980இல் மொஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் எடுத்தபோது தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் என்று கேட்டு, நாங்கள் டொக்யார்ட் வீதியில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்கு மட்டை பிடிக்கக் காட்டித்தந்தவர் கடற்படைத் தளத்துக்குள் வேலை பார்த்த ஒரு பெரியவர். 1957இல் தளம் கைமாறும் முன் வெள்ளைக்கார மாலுமிகள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்தே பழகியவர். பிறகு தன்ராஜ் பிள்ளை வந்தார், பூனா கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, நாலு ஒலிம்பிக் ஆடினார். சென்னைப் பெயரில் வீரன்ஸ் என்றும் சீட்டாஸ் என்றும் அணிகள் வந்து போயின. 2013 முதல் 2017 வரை இந்த லீக் நடந்தபோது சென்னைக்கு அணியே இல்லை. அந்த ஐந்து வருடமும் யாருக்குக் கத்துவது என்று தெரியாமல் ராஞ்சிக்கும் பஞ்சாபுக்குமாக அலைந்தேன்.

பட்டியலுக்கு வருகிறேன். இருபத்துநாலு பேர் எதற்கு, ஆடுவது பதினொருவர்தானே என்று மாணவன் கேட்டான். அவன் என்னிடம் ஆடிய காலத்தில் அது 35 நிமிடமாக இரண்டு பாதி. இப்போது 15 நிமிடமாக நாலு. ஆளை மாற்றுவதற்குக் கணக்கே இல்லை; ஷோர்ட் கோர்னர் நடக்கும்போது மட்டும் மாற்ற முடியாது. முன்கள வீரன் சில நிமிடம் முழு மூச்சில் ஓடிவிட்டு வெளியே வருவான், இன்னொருவன் உள்ளே போவான். ஆகவே வாங்கில் இருப்பவன் எவ்வளவு வல்லவனோ அந்தளவுதான் அணி. இரண்டு இலட்சம் அடிப்படை விலையில் வந்த கனிஷ்டப் பையன் மூன்றாவது கால்பகுதியின் கடைசி மூன்று நிமிடத்தில் யான்சனுக்குப் பக்கத்தில் நிற்பான். பந்தை வட்டத்துக்குள் விட்டுக் காலில் வாங்கினால் எதிரணிக்கு ஷோர்ட் கோர்னர், அவ்வளவுதான். எட்டு அணியில் எந்த அணியின் அடிப் பத்துப் பேர் குறைவாகத் தப்புச் செய்கிறார்களோ அவர்கள் கையில்தான் கிண்ணம்.

எங்களுக்கு அடிவரிசைப் பிரச்சினை வேறு மாதிரி வரும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன்னால் அக்கரைக்குப் பாதையில்தான், அதாவது மிதவைப் படகில்தான், போக வேண்டும். என்னிடம் இருந்த மிகச் சிறந்த லெஃப்ட் ஹாஃப் கிண்ணியாப் பிள்ளை. கடைசிப் பாதைக்கு நேரமானால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் மட்டையைச் சுருட்டிக்கொண்டு, "சேர், போறன்" என்று ஓடிவிடுவான். அவன் போன பிறகு யார் என்பது என் பட்டியலின் முதல் கேள்வி. இன்னொருவனுக்கு மீன் படும் காலத்தில் தகப்பனோடு கடலுக்குப் போக வேண்டும். சண்டைக் காலத்தில் மட்டையோடு வரும் பையன்களைச் சோதனைச்சாவடியில் மறிப்பார்கள். ஒருமுறை மறித்த சிப்பாய் மாத்தளைக்காரன். ஹொக்கி ஊறிய ஊர் அது. பையனின் மட்டையை வாங்கி, வெறும் தார் வீதியில் ஒரு கல்லை வைத்து ரிவேர்ஸ் அடி எப்படி என்று காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மறு கிழமை அந்தப் பையன் அதே அடியில் கோல் போட்டான். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் எழுத முடியாத சங்கதிகள்.

டிராகன்ஸுக்குக் கடைசிப் பாதை இல்லை, மீன் படும் காலம் இல்லை. ஆனால் நத்தார் முடிந்த கையோடு வந்து இறங்கும் ஐரோப்பியர் உண்டு. மனம் இன்னும் வீட்டில் இருக்கும். முதல் சுற்றில் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் என்பதால் மெதுவாக எழும்ப ஓர் இடைவெளி கிடைக்கலாம்.

என் கணிப்பை மாணவனிடம் சொல்லிவிட்டேன்: அரையிறுதி உறுதி, கிண்ணம் கஷ்டம். நடுக்களத்தில் இவர்களுக்கு உத்தரப்பிரதேச அணி 70 இலட்சம் கொடுத்து எடுத்த ஹர்திக் சிங் மாதிரி ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒருவர் இல்லை. பின்னால் கோட்டை, முன்னால் படை, நடுவில் வெளி. பந்து நீளமாகப் பறக்கும். பறக்கிற பந்தை எதிரணி பிடித்தால் ரோகிதாஸ் அதிகம் ஓட வேண்டிவரும். மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சேர், நீங்க எப்பவும் இப்பிடித்தான். நாங்க ஆடேக்கையும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப நீங்க எங்க போனீங்க?"

"அரையிறுதி சேர்."

பந்தயம் ஒரு கொத்துரொட்டி. கடையை அவன் தை மாதம் ஊருக்கு வரும்போது தீர்மானிப்பதாகப் பேச்சு. முதல் ஆட்டத்தில் யான்சன் எத்தனை கோல் போட்டார் என்று அவன் பார்ப்பான். நான் பார்க்கப் போவது கோட்டில் குனிந்து நின்று பந்தைத் தள்ளுகிறவரின் சட்டை இலக்கத்தை. அதைக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் மிச்சம்.